சிவந்த நீரும் இரண்டாவது சோதனையும்

ராமநாதபுரம் கடற்கரையில் ஒருவருக்குச் சிறுநீர் சிவந்து போனால் அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. உடம்புச் சூடு என்பார்கள் வீட்டில். கல் என்பார் மருந்துக்கடைக்காரர். கிருமி என்று சீட்டில் எழுதுவார் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். சூட்டை ஒதுக்கிவிட்டாலும் மற்ற இரண்டும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் இது ஒன்று. பாம்பனிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் விசைப்படகில் போகிறவர், வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர், கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் எல்லோருக்கும் வியர்வையாகப் போகும் நீர் அதிகம், குடிக்கும் நீர் குறைவு. சிறுநீரின் அளவு குறைந்து அது அடர்த்தியாகும்போது கரைந்திருக்கும் கால்சியமும் ஆக்சலேட்டும் படிகமாகத் திரள்கின்றன, கல் பிறக்கிறது. குறைவாகக் கழிக்கும் உடம்பில் கிருமி தங்குவதும் எளிது. ஆகவே கல்லும் கிருமியும் இங்கே சகஜம், மருத்துவரின் முதல் ஊகமும் நியாயமானது. சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் இந்தக் கரையில் தவறிப்போவதற்கு முதன்மைக் காரணம் இதுதான் என்பது என் வாதம். அடிக்கடி சரியாக வரும் ஊகத்தை யாரும் திரும்பச் சரிபார்ப்பதில்லை. மருந்து முடிந்தபின் ரத்தம் உண்மையிலேயே நின்றதா, நின்றது மருந்தினாலா என்று பார்க்கும் இரண்டாவது வருகை நம் அடிப்படை மருத்துவத்தில் வழக்கமாக இல்லை.

சிறுநீரகம், அதிலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பை மூன்றிலும் புற்று வரலாம். இவற்றில் ரத்தத்தால் தன்னைக் காட்டிக்கொள்வது பெரும்பாலும் சிறுநீர்ப்பைப் புற்று. பையின் உட்சவ்விலிருந்து கிளம்பும் இந்தக் கட்டியை உள்நோக்கிக் குழாய் வழியே பார்த்தால், மன்னார் வளைகுடாவின் கடலடிப் பாறையில் ஒட்டி அசையும் பாசியைப் போலத் தெரியும். மெல்லிய காம்பு, அதிலிருந்து விரியும் இழைகள், ஒவ்வோர் இழைக்குள்ளும் நொய்மையான ரத்தநாளம். பை நிறைந்து விரியும்போதும் சுருங்கி வெளியேற்றும்போதும் இந்த நாளங்களில் ஒன்று கிழிந்து ரத்தம் கசிகிறது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. கிழிந்த இடம் தானாக உறைந்து அடைத்துக்கொள்கிறது. பிறகு சில வாரமோ சில மாதமோ சிறுநீர் தெளிவாகவே போகும். இந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றுகிறது. ரத்தம் தெரிந்த அன்று வாழைத்தண்டுச் சாறு குடித்தவர் வாழைத்தண்டுக்கும், நெருஞ்சில் கஷாயம் குடித்தவர் நெருஞ்சிலுக்கும், ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர் அந்த மாத்திரைக்கும் நன்றி சொல்வார். எதையும் சாப்பிடாதவருக்கும் அதே நாளில் நின்றிருக்கும். நாட்டு மருந்தை நம்புகிறவரை மட்டும் இதில் குறை சொல்வது நேர்மையாகாது. மாத்திரை எழுதிய மருத்துவரும் அதே தர்க்கப் பிழையைத்தான் செய்கிறார், நோயாளி திரும்பி வராததைக் குணமானதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்.

வலியில்லாத ரத்தத்தை எவ்வளவு தூரம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்? குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை ஒழுங்காகச் சேர்த்துவைத்திருக்கும் பிரிட்டனிலிருந்து இதற்கு விடை கிடைக்கிறது. 2007இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, சிறுநீரில் ரத்தம் என்று முதல்முறையாக மருத்துவரிடம் வந்தவர்களில் மூன்றாண்டுக்குள் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் ஆண்களில் 7.4 விழுக்காடு, பெண்களில் 3.4 விழுக்காடு என்று காட்டியது. இருமலோ வயிற்றுவலியோ இவ்வளவு கனமான தகவலைச் சுமந்து வருவதில்லை. அந்த நாட்டின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2015இல் வகுத்த விதி இதன் தொடர்ச்சி: 45 வயதைக் கடந்தவருக்குக் கண்ணுக்குத் தெரியும் ரத்தம் போய், கிருமித் தொற்று இல்லையென்றாலோ, தொற்றுக்கு மருந்து கொடுத்துக் குணமான பின்னும் ரத்தம் நீடித்தாலோ திரும்ப வந்தாலோ, உடனே சிறுநீரக அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். காலம் இங்கே எதை மாற்றுகிறது என்பதற்கு அமெரிக்கப் பதிவேடுகளைப் பார்க்கலாம். உட்சவ்வோடு நிற்கும் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு 95 விழுக்காட்டுக்கு மேல். வேறு உறுப்புகளுக்குப் பரவியபின் அது 10க்கும் கீழே.

வெள்ளைக்காரன் கணக்கை ராமநாதபுரத்தில் வைத்து எடை போடலாமா என்று கேட்பவர் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார். இந்தியாவில் சிறுநீர்ப்பைப் புற்று ஐரோப்பாவை விடப் பல மடங்கு அரிது. கல்லும் தொற்றும் காசநோயும் இங்கே அதிகம். அரிய நோயைச் சகஜமான நோய்களின் கூட்டத்தில் தேடும்போது அறிகுறியின் எடை குறையத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு குறையும்? பிரிட்டன் எண்ணில் கால்வாசி என்று வைத்துக்கொண்டாலும் ஆண்களில் ஐம்பதில் ஒருவருக்கு அருகில் வந்து நிற்கிறது. அதுவும் எல்லோரையும் ஒன்றாகக் குவித்த சராசரி. இருபத்தைந்து வயதுப் பையன் விலாவிலிருந்து தொடையிடுக்கு வரை துடித்துக்கொண்டு வருவதும், அறுபது வயதுக்காரர், நாற்பது வருடமாகப் பீடி குடிப்பவர், வலியே இல்லாமல் சிவந்த நீரோடு வருவதும் ஒரே சங்கதி இல்லை. முதலாமவருக்குக் கல் என்ற ஊகம் போதும். இரண்டாமவருக்கு வயது, புகை, வலியின்மை மூன்றும் சேர்ந்து புற்றின் பக்கம் எடையைக் கூட்டுகின்றன. நோய் அரிதாக இருப்பது, யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்பதைச் சுருக்கிக்கொள்ளத்தான் சொல்கிறது, சந்தேகத்தைக் கைவிடச் சொல்லவில்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு கண்ணி ஸ்கேன் அறிக்கை. கல் மலிந்த ஊரில் வயிற்று ஸ்கேன் எடுத்தால், எந்தத் தொந்தரவும் இல்லாதவர் சிலருக்கும் சிறுநீரகத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டரில் ஒரு கல் ஒதுங்கிக் கிடப்பது தெரியும். நீரோட்டத்தை அடைக்காமல், அசையாமல் கிடக்கும் அந்தக் கல் வலியில்லாத பெரிய ரத்தப்போக்குக்குப் பொதுவாகப் பொறுப்பாகாது. ஆனால் அறிக்கையில் அச்சாகிவிட்டதால் பழி அதன்மேல் விழுகிறது, விசாரணை அங்கேயே முடிகிறது. கல்லும் கட்டியும் ஒரே உடம்பில் சேர்ந்து இருக்க முடியும். சிறுநீர்ப்பைக்குள் வருடக்கணக்கில் உருளும் பெரிய கல்லோ அதன் உராய்வால் தானே ஒருவகைப் புற்றுக்கு வழிசெய்யவும் கூடும். ஸ்கேனில் கோளாறு ஒன்றும் இல்லை என்று வந்தாலும் கதை முடியவில்லை. பை நிறைய நீர் இல்லாமல் எடுத்த ஸ்கேனில் சிறிய கட்டி சுவரின் மடிப்பில் மறைந்துவிடும். தட்டையாகப் படரும் வகை நிறைந்த பையிலும் தெரியாது. சிறுநீரகக் கட்டியைப் பிடிப்பதில் ஸ்கேன் கெட்டிக்காரன். ரத்தம், விலாவலி, கையில் தட்டுப்படும் கட்டி என்று புத்தகம் சொல்லும் மூன்றும் கூடிவருவது பத்தில் ஒருவருக்கும் குறைவு என்பதால், அந்தப் புற்றில் பெரும்பகுதி இன்று வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் அகப்படுகிறது. சிறுநீர்ப்பையைப் பொறுத்தவரை இறுதித் தீர்ப்பு உள்நோக்கிக் குழாய்க்கே. ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், அதனால்தான் என்று ஒதுக்குவதும் இதே வகைத் தவறு. அந்த மாத்திரை பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும் ஓட்டையைத்தான் பேச வைக்கிறது.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து பாசி எடுக்கப் போகும் பெண்கள் பல மணிநேரம் கடல்நீரில் மூழ்கி எழுகிறார்கள், ஒதுங்க இடமில்லாமல் அடக்கிக்கொள்கிறார்கள், அடக்க வேண்டியிருக்குமே என்று குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு இவர்களுக்கு அடிக்கடி வருவதில் வியப்பில்லை. அந்த அனுபவமே பின்னாளில் குறுக்கே நிற்கிறது. ஐம்பத்தைந்து வயதில் ரத்தம் கண்டால், வழக்கமான கடுப்பு என்று அவரும் நினைக்கிறார், மருத்துவரும் நினைக்கிறார். அல்லது நின்றுபோன மாதவிலக்கின் கோளாறு என்று கர்ப்பப்பைப் பக்கம் தேடல் திரும்புகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வுகள் பெண்களுக்கு இந்தப் புற்று ஆண்களை விடத் தாமதமாகவே கண்டறியப்படுவதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வசதி நிறைந்த நாட்டிலேயே அப்படியென்றால் பாம்பனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கல்ச்சர் சோதனையில் கிருமி வளராதபோதும், சிறுநீரில் சீழணுக்கள் நிறைந்து, மாத்திரைக்குக் கட்டுப்படாத கடுப்பு இருந்தால், நம் நாட்டில் நினைக்க வேண்டியவை இரண்டு: சிறுநீர்ப்பாதைக் காசநோய், சிறுநீர்ப்பைப் புற்று. நான்காவது ஆன்டிபயாடிக் அந்தப் பட்டியலில் இல்லை.

யாரைக் கூடுதலாகச் சந்தேகிப்பது என்பதற்குக் காரணிகளைக் கேட்டாக வேண்டும். மேலை நாடுகளில் சிறுநீர்ப்பைப் புற்றில் ஏறக்குறைய பாதி புகையிலைப் புகையின் கணக்கில் எழுதப்படுகிறது. நுரையீரலில் நுழைந்த நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடித்து, பையில் மணிக்கணக்கில் தேங்கி உட்சவ்வை நனைக்கிறது. குறைவாகக் குடித்து நீண்டநேரம் அடக்குகிறவரிடம் அந்தத் தேக்கம் இன்னும் அடர்த்தி. தொழிலும் கேட்கப்பட வேண்டும். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாய ஆலைத் தொழிலாளர்களிடம் இந்தப் புற்று கூடிக்கிடப்பதை 1895இலேயே எடுத்துச் சொன்னார். பென்சிடின் போன்ற சாய மூலப்பொருள்கள் குற்றவாளிகள் என்பது பிறகு உறுதியானது. நச்சைத் தொட்டதற்கும் கட்டி தோன்றுவதற்கும் இடையே இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிவிடும். பரமக்குடி, எமனேஸ்வரம் நெசவுத் தெருக்களில் இளவயதில் நூலுக்குச் சாயம் தோய்த்தவரும், திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குப் பிழைக்கப் போய்த் திரும்பியவரும், இன்று பெட்டிக்கடை வைத்திருந்தாலும் அந்தப் பழைய வேலைதான் மருத்துவர் அறிய வேண்டிய வேலை. புழு ஒன்றும் உண்டு. எகிப்தில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு நெடுங்காலம் காரணமாக இருந்த நத்தை வழிப் புழுநோய் இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்துக் கிம்வி கிராமத்தில் 1952இல் கண்டறியப்பட்டது. நம் கரையில் அதைத் தேட வேண்டியதில்லை, ஆனால் வளைகுடா நாடுகளைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை வேலைக்குப் போய்வருகிற மாவட்டம் என்பதால் ஒரு கேள்வி கேட்டுவைப்பதில் நட்டமில்லை.

மூலிகையைப் பற்றி ஒரு வார்த்தை. வாழைத்தண்டும் நெருஞ்சிலும் புற்றைத் தருவதில்லை, காலத்தைத்தான் தின்கின்றன. வேறொரு குடும்பம் அப்படியில்லை. ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகள், நம் நாட்டு வைத்தியத்தில் புழுவுக்கும் விஷக்கடிக்கும் தோல் நோய்க்கும் பெயர்பெற்றவை. இந்த இனத்தில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்குவதோடு, சிறுநீரகக் குழிவிலும் அதிலிருந்து இறங்கும் குழாயிலும் புற்றை உண்டாக்குவது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களையும் குழாய்களையும் அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேரிடம் ஏற்கனவே புற்று இருந்ததை 2000இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இயற்கையானது, பாட்டன் காலத்திலிருந்து வருவது என்ற வாதம் இங்கே செல்லாது. பாட்டன் காலத்தில் இருபது வருடம் கழித்து வரும் புற்றுக்கும் அந்தக் கஷாயத்துக்கும் முடிச்சுப் போட யாருக்கும் வழியிருக்கவில்லை.

அப்படியானால் ஊரில் எல்லோருக்கும் சிறுநீர் சோதித்துவிட்டால் என்ன? மனதுக்கு இதமான யோசனை, ஆனால் சான்று அதன் பக்கம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ரத்தம் நலமாக இருப்பவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படுகிறது. அவர்களில் மிகச் சிலருக்கே புற்று இருக்கும். அத்தனை பேரையும் மதுரைக்கு அனுப்பினால் உண்மையிலேயே தேவைப்படுகிறவர் வரிசையின் பின்னால் போய்விடுவார். அறிகுறியில்லாத பெரியவர்களைச் சலித்துப் பார்ப்பதற்குச் சான்று போதாது என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2011இல் சொன்னதும் இதனால்தான். இந்தியாவின் தேசியத் திட்டம் வீடுவீடாகத் தேடுவது வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளை. அந்த வரிசையில் நான்காவதாகச் சிறுநீர்ப்பையைச் சேர்க்கச் சொல்லி நான் வாதாடவில்லை. ரத்தத்தைக் கண்ணால் பார்த்து, பயந்து, தானாகவே வாசலுக்கு வந்தவரைக் கைநழுவ விடாதீர்கள் என்பதுதான் கேட்பது. 2023இல் தமிழக அரசு சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டி அறிய ஆரம்ப சுகாதார நிலையங்களில், சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைச் சோதனையைத் தொடங்கியது. பல பட்டைகளில் ரத்தத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் நிறம் மாறினால் அடுத்து என்ன என்பதும் சீட்டில் இருக்க வேண்டும். பீட்ரூட்டும் காசநோய் மாத்திரை ரிஃபாம்பிசினும் நீரைச் சிவக்க வைக்கும், பட்டை அதையும் பிரித்துச் சொல்லிவிடும்.

காலையில் நூறு பேர் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் நேரமா என்ற ஆட்சேபம் வலுவானது. ஆனால் இரண்டாவது சோதனைக்கு மருத்துவர் தேவையில்லை. முதல் நாளில் மருந்தை ஆரம்பிக்குமுன் ஒரு குப்பியில் சிறுநீர், சீட்டின் ஓரத்தில் மருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு தேதி, அன்றைக்கு ஆய்வக நுட்பநர் கையில் இன்னொரு குப்பி. வராதவரைத் தேடிப்போக ஆளும் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர் அதே தெருவுக்கு மாதாமாதம் போகிறவர்தான். இங்கே என் வாதத்துக்கே எதிரான கேள்வி ஒன்று எழுகிறது. கட்டி விட்டுவிட்டுத்தான் கசியும் என்று மேலே சொல்லிவிட்டு, இரண்டாவது சோதனை தெளிவாக வந்தால் நிம்மதி என்று எப்படிச் சொல்வது? சொல்லக் கூடாது. தொற்று இருந்ததற்குச் சான்றே இல்லாத, 45 வயதைக் கடந்தவருக்கு இரண்டாவது சோதனை வரை காத்திருக்கவே வேண்டாம், முதல் நாளே அனுப்ப வேண்டும். தொற்று உறுதியானவருக்குத்தான் மறுசோதனை. அதுவும் தெளிவாக வந்தால், இன்னொரு முறை சிவந்தால் அது புதிய நோய் என்று எண்ணாமல் பழைய சீட்டோடு வரச் சொல்லி அனுப்ப வேண்டும். நீர்க்கடுப்பு என்று மூன்று இடத்தில் மூன்று சீட்டு வாங்கியவரின் மூன்று சீட்டையும் ஒருவர் ஒருசேரப் பார்த்தால் போதும், பாதி நோய்க்கணிப்பு முடிந்த மாதிரி.

அனுப்புவது எங்கே? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு மேல்மருத்துவம் மாவட்டத்துக்குள் வந்தது என்பது உண்மைதான். இருந்தும் கட்டியை அகற்றும் சிறப்புச் சிகிச்சைக்கு மதுரை ராஜாஜி மருத்துவமனைதான் பலருக்கும் பழகிய திசை, ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அறுவைக்குக் கைகொடுக்கும். பஸ் செலவுக்கும் துணைக்கு வருகிறவரின் இழந்த கூலிக்கும் கைகொடுக்காது. இந்தப் புற்று ஒரே அறுவையோடு விடைபெறுவதும் இல்லை. சவ்வோடு நின்ற கட்டியைச் சுரண்டி எடுத்தபின்னும் அது திரும்ப முளைக்கும் குணமுடையது. முதலில் மூன்று மாதத்திலும் பிறகு ஆண்டுக்கணக்கிலும் உள்நோக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆபத்து கூடிய வகைக்குப் பைக்குள் செலுத்தும் மருந்து, குழந்தை பிறந்ததும் தோளில் போடும் அதே பி.சி.ஜி. 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பயனற்றது என்று காட்டி உலகத்தை ஏமாற்றத்தில் ஆழ்த்தியது. ஏறக்குறைய அதே காலத்தில், 1976இல், கனடாவின் மொராலஸ் குழு அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, அங்கே எதிர்ப்பாற்றலைக் கிளறிக் கட்டி திரும்புவதைக் குறைக்கலாம் என்று கண்டது. வாரம் ஒரு முறை வீதம் ஆறு வாரம் போட வேண்டிய மருந்து அது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மார்ச்சில் கட்டி அகற்றப்பட்ட மீனவருக்கு ஆறு வாரமும் அதற்குள் அடங்கிவிடும். ஆகஸ்டில் அகற்றப்பட்டவருக்கு ஆறு கடல் நாள் போகும், அவர் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடுவார் என்று எதிர்பார்ப்பதே நடைமுறை அறிவு. உள்நோக்கிக் குழாயும் அறுவையும் மதுரையில் இருக்கலாம். மெல்லிய ரப்பர் குழாய் வழியே மருந்தைச் செலுத்தி இரண்டு மணிநேரம் வைத்திருக்கும் வேலையைப் பல நாடுகளில் பயிற்சி பெற்ற செவிலியர்தான் செய்கிறார்கள். அதை ராமநாதபுரத்திலேயே வாரத்தில் ஒரு நாள், படகு போகாத நாளாகப் பார்த்து, செய்ய முடியும்.